முதல் பொம்மை வீட்டுக் கிட்: பெட்டியைத் திறந்தாச்சு, கை வைக்கப் பயமா இருக்கு

தாழ்வாரம்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இந்த இணைய மன்றத்துல படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

சின்ன வயசுல தீப்பெட்டிகளை ஒட்டி அலமாரி, கட்டில்னு செஞ்சு விளையாடினவள் நான். இத்தனை வருஷம் கழிச்சு இப்போ ஒரு நிஜமான பொம்மை வீட்டுக் கிட் கைக்கு வந்திருக்கு. 1:12 அளவு, கீழே மூணு அறை, மேலே மூணு அறை, முன்னாடி ஒரு தாழ்வாரம், நடுவுல மாடிப்படி. எல்லாம் 3 மி.மீ. பிளைவுட். துண்டுகளை அச்சால வெட்டியிருக்காங்க, ஆனா பலகையிலிருந்து இன்னும் பிரியலை. பெயின்ட், வால்பேப்பர், விளக்கு எதுவும் பெட்டியில இல்லை.

குறிப்புப் புத்தகம் முதல் பக்கத்துலயே "அடித்தளத்தை ஒட்டவும்"னு ஆரம்பிக்குது. அதுல எனக்கு நம்பிக்கை வரலை. பெயின்ட் முன்னாடியா பின்னாடியா? எந்தப் பசை? விளக்கு வேணும்னா எப்போ யோசிக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. இது குழந்தைக்காக இல்லை, எனக்காக. ரொம்ப வருஷம் நிக்கணும்.

மரத்தூள்

வாங்க சகோதரி. உங்க சந்தேகம் சரியானது. குறிப்புப் புத்தகம் எழுதுறவங்க வீட்டுக் கூடு எழும்புறதுக்கு மட்டும்தான் வழி சொல்வாங்க. உள்ளே வேலை செய்றதுக்கு எப்போ கை நுழையும், எப்போ நுழையாதுங்கிறது அதுல இருக்காது. அதனால பசை டப்பாவை ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க.

முதல்ல புத்தகத்தைத் தொடக்கத்துலேர்ந்து கடைசி வரை இரண்டு தடவை படிங்க. அப்புறம் பலகைகளை எடுத்து, பட்டியல்ல இருக்கிற துண்டு எண்களை ஒவ்வொரு துண்டோட பின்பக்கமும் பென்சிலால எழுதுங்க. பேனா வேண்டாம், மை பெயின்ட்டுக்கு மேல ஊறி வரும். துண்டுகளை மொத்தமா உடைச்சு எடுத்துடாதீங்க. தேவைப்படுற அன்னைக்கு மட்டும் எடுக்கணும். அச்சால வெட்டின பிளைவுட்டை விரலால அமுக்கித் தள்ளினா பின்பக்க ஏடு சிராம்பு சிராம்பா கிழிஞ்சு வரும். பின்பக்கத்தைத் திருப்பி, புது பிளேடு போட்ட கட்டரால வெட்டுக் கோட்டை மெதுவா ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்புறம் தள்ளுங்க. ஓரத்தை 220 நம்பர் உப்புத்தாளால லேசா தேய்ச்சா போதும். நாக்கு பகுதியை, அதாவது துண்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற முனையை, ரொம்பத் தேய்ச்சா அது போய் உட்காருற பள்ளமான காடியில ஆடும்.

அடுத்தது, மாஸ்கிங் டேப் (சுலபமா உரிக்க வர்ற ஒட்டும் தாள் நாடா) மட்டும் வச்சு, பசையே இல்லாம, முழு வீட்டையும் ஒருதடவை நிறுத்துங்க. சுவர், தளம், கூரை, படி எல்லாத்தையும். இதுக்கு இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாள்தான் இந்த வேலையிலேயே ரொம்ப மதிப்பான நாள்னு நான் நினைக்கிறேன். எந்தச் சுவர் எதுக்கு முன்னாடி போகணும், எந்த மூலைக்கு அப்புறம் பிரஷ் போகாது, எல்லாம் அப்போதான் கண்ணுக்குத் தெரியும். நிறுத்தின வீட்டைச் சுத்திப் படம் எடுத்து வச்சுக்கிட்டு பிரிச்சுடுங்க.

இன்னொண்ணு. வீடு முடிஞ்சப்புறம் எங்கே வைக்கப் போறீங்களோ அந்த இடத்தையும், போற வழியில இருக்கிற கதவையும் இப்பவே அளந்துடுங்க. கூரை விளிம்பையும் தாழ்வாரத்தையும் சேர்த்து அளக்கணும்.

சின்னஜன்னல்

மரத்தூள் சொன்னது எல்லாம் சரி. ஆனா நான் வேற மாதிரி சொல்வேன். ஆறு அறை வீடு முதல் வீடா இருக்க வேண்டாம். 1:24 அளவுல ஒரே அறை உள்ள சின்ன கிட் ஒண்ணு வாங்கி முதல்ல அதை முடிங்க. பாதி அளவுன்னா தரைப்பரப்பு நாலுல ஒரு பங்கு, கன அளவு எட்டுல ஒரு பங்கு. அந்த அளவுக்கு வேலையும் குறையும், தப்பு செஞ்சா மனசும் அவ்வளவு வலிக்காது. பசை எப்படி ஓடுது, எவ்வளவு தடவணும், பிளேடு எப்போ மழுங்குதுன்னு கை தெரிஞ்சுக்கும்.

பாதி எழும்பின வீட்டைப் பரண்ல ஏத்தி வச்ச நிறைய பேரை எனக்குத் தெரியும். எல்லாருமே பெரிய வீட்டுல ஆரம்பிச்சவங்க.

தாழ்வாரம்

சின்னஜன்னல், நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா இந்த வீட்டோட தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் நான் ஆசைப்பட்டேன். வேற ஒரு அறையைச் செய்யணும்னா அந்த ஆர்வம் எனக்கு இருக்குமான்னு தெரியலை.

மாடிப்படி

தாழ்வாரம் அக்கா, ஆசைப்பட்ட வீட்டையே செய்யுங்க. சின்னஜன்னல் மேல எனக்கு மரியாதை உண்டு, இருந்தாலும் இதுல நான் எதிர்ப்பக்கம். ஒரு வீட்டை முடிக்க வைக்கிறது ஆசைதான். மாசக்கணக்குல ராத்திரி உட்கார்ந்து ஓடு ஒட்டுறதுக்கு வேற எதுவும் துணைக்கு வராது.

ஆனா அதே பெட்டிக்குள்ள பயிற்சி எடுக்கலாம். மாடிப்படியையும் இரண்டு ஜன்னல் சட்டத்தையும் முதல்ல தனியா செய்யுங்க. இரண்டும் கூட்டோட சேராம மேசை மேலேயே முடியுற வேலை. பலகையில மிஞ்சுற வெளிச்சட்டம் இருக்கே, அதைத் தூக்கிப் போடாதீங்க. பெயின்ட், பசை, வார்னிஷ் எதுவானாலும் முதல்ல அந்தத் துண்டுல போட்டுப் பாருங்க. ஒரே மரம்ங்கிறதால வீட்டுல எப்படி வருமோ அப்படியே அதுல தெரியும்.

அளவு பத்தி ஒரு வார்த்தை. 1:12ங்கிறது ஒரு அடிக்கு ஒரு அங்குலம். ஆறடி ஆள் ஆறு அங்குலம், அதாவது 15 செ.மீ. சுமார் 2 மீட்டர் கதவு 17 செ.மீ. 45 செ.மீ. உயர நாற்காலி இருக்கை 3.75 செ.மீ. படியோட ஒவ்வொரு ஏற்றமும் 1.5 செ.மீ. இந்த நாலு எண்ணையும் ஒரு தாள்ல எழுதி மேசை முன்னாடி ஒட்டிடுங்க. வெளியிலேர்ந்து ஏதாவது சாமான் வாங்கும்போது கண் ஏமாறும். 1:16ல செஞ்ச நாற்காலி தனியா பார்க்க அழகா இருக்கும், 1:12 மேசைக்குப் பக்கத்துல வச்சா குழந்தை நாற்காலி மாதிரி ஆயிடும்.

நீலக்கதவு

பசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை போதும். அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. தடவிச் சேர்த்து அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். முழு வலு வர 24 மணி நேரம் விட வேண்டும். பொறுமையாக நகர்த்திச் சரிசெய்யவும் அது நேரம் தருகிறது. வெளியே வழிந்ததை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் அந்த இடத்தில் மரச்சாயம் ஏறாது, வெளுத்த திட்டாகவே நிற்கும்.

சூடான பசைத் துப்பாக்கியைக் கூட்டுக்கு எடுக்காதீர்கள். அது கெட்டியாக நின்று மூட்டில் இடைவெளி விடும். சில வருடங்களில் நொறுங்கிப் பிரியவும் செய்யும். உடனடிப் பசையை உலோகக் கைப்பிடி, கீல் போன்ற சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜன்னல் கண்ணாடித்தாள் பக்கம் அது போகவே கூடாது. என் முதல் வீட்டில் வரவேற்பறையின் மூன்று ஜன்னல்களையும் அதில்தான் ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தபோது மூன்றிலும் பனி படிந்ததுபோல் வெள்ளை மூட்டம். பசை காயும்போது எழும் ஆவி பிளாஸ்டிக்கில் படிந்துவிடுகிறது. துடைத்தும் போகவில்லை. சுவரை மூடியிருந்ததால் கழற்றவும் வழியில்லை. இன்றும் அந்த ஜன்னல்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இனி பெயின்ட். ஒட்டுவதற்கு முன் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள், பலகையின் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் ஈரம் குடித்து 3 மி.மீ. பலகை வளைந்துவிடும். மரப்பசை மரநாரில் ஊறித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் பிடிக்காது. எனவே நாக்கு, காடி, சுவர் வந்து உட்காரும் கோடு ஆகிய இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

மின்மினி

விளக்குக்கு வரேன். இரண்டு வழி இருக்கு. ஒண்ணு, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து செப்புப்பட்டை நாடா. இரண்டு செப்புக் கோடு ஓடுற ஒட்டும் நாடா அது. சுவர்ல ஒட்டி, மேல வால்பேப்பர் போட்டு மறைச்சு, தேவையான இடத்துல சின்ன ஆணி இறக்கி விளக்கை இணைப்பாங்க. இதைச் செய்யணும்னா வால்பேப்பருக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும். ஒவ்வொரு அறை முடிஞ்சதும் மின்சாரம் வருதான்னு சோதிக்கணும், எல்லாம் மூடினப்புறம் இல்லை. 12 வோல்ட்ல 50 மில்லி ஆம்பியர் எடுக்கிற சின்ன பல்புன்னா ஒண்ணுக்கு 0.6 வாட். 10 வாட் டிரான்ஸ்ஃபார்மர்ல 16 பல்பு வரைக்கும் போகலாம்.

இரண்டாவது, பேட்டரியில எரியுற எல்இடி. சின்ன அறைக் கிட்கள்ல இதுதான் வரும். பட்டன் பேட்டரி 3 வோல்ட் கொடுக்கும், ஆனா கொள்ளளவு குறைவு. தினமும் சாயங்காலம் ஆறு அறையும் எரியணும்னா அடிக்கடி மாத்த வேண்டியிருக்கும். உங்க வீட்டுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

சின்னஜன்னல்

மின்மினி, முதல் வீட்டுக்கே செப்புப்பட்டையா? ஒரு ஆணி சரியா உட்காரலைன்னா ஒரு அறையே இருட்டு. அப்புறம் வால்பேப்பரைக் கிழிச்சுத்தான் தேடணும். மெல்லிய கம்பியைப் பின்சுவர் வழியா வெளியே இழுத்து, பின்னாடி ஒரே இடத்துல சேர்க்கிறது எவ்வளவோ மேல். கம்பி போற பள்ளத்துக்குத் தரையோரத்துலயும் கூரையோரத்துலயும் ஒட்டுற மரப்பட்டி மறைப்பு கொடுக்கும். விளக்கு போனா உருவி மாத்தலாம்.

மின்மினி

மாத்த முடியுறது பெரிய வசதிதான், அதை ஒத்துக்கிறேன். அப்படிச் செஞ்சா துளைகளை மட்டும் கூடு ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டுடணும்.

இன்னொரு யோசனையும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிகாகோ கலைக் கழகத்துல தோர்ன் சிற்றறைகள்னு 68 அறைகள் இருக்கு. பெரும்பாலும் 1:12 அளவு, 1932லேர்ந்து 1940க்குள்ள செஞ்சது. அதுல பல அறைகளோட ஜன்னலுக்கு வெளியே தோட்டம், தெரு, வானம்னு ஒரு காட்சி அமைச்சு, அங்கேர்ந்து வெளிச்சம் உள்ளே வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. அறைக்குள்ள பகல் வெயில் விழுறது போலவே இருக்கும். உங்க தாழ்வாரத்துக்கு உத்தரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்ச ஒரே ஒரு மஞ்சள் எல்இடி போதும். எல்லா அறைக்கும் தொங்கு விளக்கு வேணும்னு இல்லை.

புதுக்கை

நடுவுல ஒரு கேள்வி. என் பையனுக்கு மூணு வயசு. இந்த மாதிரி வீட்டை அவன் விளையாடக் கொடுக்கலாமா?

மின்மினி

வேண்டாங்க. சின்னச் சின்னத் துண்டுகள் தொண்டையில சிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பட்டன் பேட்டரி. விழுங்கினா இரண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். அப்படி ஏதாவது சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம மருத்துவமனைக்குப் போகணும். பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு மூடுங்க, உதிரி பேட்டரியைப் பூட்டி வைங்க. அவனுக்குன்னா கூரான ஓரமில்லாத தடி மரத்துல பெரிய சாமான்களோட தனியா ஒண்ணு செய்யுங்க.

மரத்தூள்

உப்புத்தாள் தேய்க்கும்போதும் குழந்தை பக்கத்துல இருக்க வேண்டாம். முக்கியமா எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) கிட்னா தூள் ரொம்ப நைசா பறக்கும். முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வச்சுத் தேய்க்கணும்.

தாழ்வாரம்

மூணு வாரம் கழிச்சு வரேன். ஒவ்வொருத்தர் சொன்னதையும் அச்செடுத்து மேசையில வச்சிருக்கேன்.

படி முடிஞ்சது, ஜன்னல் இரண்டு முடிஞ்சது. வீட்டை டேப்பால நிறுத்தியும் பார்த்தேன். மரத்தூள் அண்ணா, நீங்க சொன்னதோட அருமை அப்போதான் புரிஞ்சது. புத்தகத்துப்படி போயிருந்தா மேல்தளத்தை ஒட்டினப்புறம்தான் படியை வைக்கச் சொல்லியிருக்கு. அப்படி வச்சா படிக்குக் கீழே இருக்கிற முக்கோணச் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டவே முடியாது. விரல்கூட நுழையலை.

இரண்டு சிக்கல். இடது பக்கச் சுவர் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. நான் இன்னும் பெயின்ட்கூட அடிக்கலை, பெட்டியிலேர்ந்தே அப்படித்தான். அடுத்தது, கீழ்த்தளத்துல சமையலறைச் சுவரை மட்டும் ஆர்வத்துல பிரைமர் அடிச்சிட்டேன், காடியில டேப் ஒட்ட மறந்துட்டேன். இப்போ நாக்கு உள்ளே போக மாட்டேங்குது.

வீட்டுல ஒருத்தர் "இந்த வயசுல பொம்மை வீடா"ன்னு கேட்டார். பதில் சொல்லாம இருந்துட்டேன். ஆனா மனசுல நின்னுடுச்சு.

நீலக்கதவு

காடியை முதலில் பார்ப்போம். சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள், 3 மி.மீ. நாக்கு ஒடிந்துவிடும். ஐஸ் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, காடியின் உள்பக்கம் மரம் தெரியும்வரை தேயுங்கள். பெயின்ட்டின் தடிமன் மட்டும் போனால் போதும். நாக்கை இழைக்க வேண்டாம்.

வளைந்த சுவரின் உட்குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் லேசாக நனையுங்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் விரிந்து பலகை நேராகும். பிறகு இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு மூன்று நாள் விடுங்கள். முழுதும் நேராகாவிட்டாலும் கவலை இல்லை, தளத்தின் காடிகளில் உட்காரும்போது மிச்சத்தைத் தளமே இழுத்துக்கொள்ளும். மற்றப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தாமல் இன்றே படுக்கையில் போட்டுவிடுங்கள்.

பிறகு அந்தக் கேள்வி. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரொனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686க்கும் 1710க்கும் இடையில் உருவானது. அவர் அதைக் குழந்தைக்காகச் செய்விக்கவில்லை, தமக்காகத்தான். ஆமை ஓடு பதித்த பேழைக்குள் ஒரு முழுக் குடும்பத்தின் வீடு. இங்கிலாந்தில் ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை வீட்டைக் கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தார். அதுவும் உங்களுடையதைப் போல 1:12 அளவுதான். குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. இது பெரியவர்கள் செய்துவந்த கலை. நீங்கள் கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை.

தாழ்வாரம்

நன்றி நீலக்கதவு. இந்தப் பதிவை அவரிடம் படிச்சுக் காட்டினேன். ராத்திரி வந்து படியைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

மாடிப்படி

அக்கா, அடுத்த கட்டம் வால்பேப்பர்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி டேப்பால நிறுத்தியிருக்கும்போதே ஒவ்வொரு சுவருக்கும் தரைக்கும் சாதாத் தாள்ல மாதிரி வெட்டி எடுத்துடுங்க. "கீழ்த்தளம், நடு அறை, இடது, இந்தப் பக்கம் மேலே"ன்னு அதுலயே எழுதிடுங்க. கூடு எழும்பினப்புறம் ஜன்னல் ஓட்டையை அளந்து வெட்டுறது நரகம்.

பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரத்து மேல தாளை நேரா ஒட்டாதீங்க. மரத்துல இருக்கிற அமிலமும் கறையும் மெல்ல ஏறி, சில வருஷத்துல தாள் பழுப்பாயிடும். பிரைமர் அடிச்ச சுவர்ல ஒட்டினா அது அடைபடும். பசையைத் தண்ணியா கரைச்சா தாள் ஊறிச் சுருக்கம் விழும், அதனால கெட்டியா, மெல்லிசா, சுவர்ல தடவி, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நீவுங்க. முதல்ல பின்சுவர், அது இரண்டு பக்கச் சுவர்லயும் 5 மி.மீ. மடிஞ்சு வரட்டும். அப்புறம் பக்கச் சுவர் தாளை மூலையோட சரியா வெட்டி ஒட்டினா இடுக்கு தெரியாது.

ஓட்டுக்கூரை

நான் கூரைக்கு மட்டும் வரேன், ஏன்னா அதுலதான் நிறைய பேர் பட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க. உங்க கிட்ல மெல்லிய மரச்சீவல் ஓடுகள் இருந்தா, தண்ணி கலந்த பசையில ஒட்டாதீங்க. சீவல் ஒவ்வொண்ணும் சுருண்டு எழும்பும், அடியில இருக்கிற கூரைப் பலகையும் சேர்ந்து வளையும். தண்ணி இல்லாத கட்டுமானப் பசை நல்லது. சாயம் போடணும்னா ஓடுகளை ஒட்டுறதுக்கு முன்னாடியே சாயத்துல முக்கி எடுத்துக் காய வச்சுடுங்க, ஒரே தடவையில எல்லாத்தையும். இரண்டு தடவையா கலக்கினா நிறம் ஒத்துப்போகாது.

பென்சிலால கிடைக்கோடுகள் போட்டு, கீழ் விளிம்புலேர்ந்து மேலே ஏறுங்க. ஒவ்வொரு வரிசையும் அரை ஓடு தள்ளி, செங்கல் மாதிரி. அஞ்சு வரிசைக்கு ஒருதடவை தள்ளி நின்னு பாருங்க. கோடு சாயுறது கிட்டத்துல தெரியாது.

சின்னஜன்னல்

தாழ்வாரம், ஒட்ட ஆரம்பிக்கும் முன்னாடி ஒரே ஒரு விஷயம். மூலைமட்டம் வச்சுப் பார்த்தா மட்டும் போதாது. ஒவ்வொரு அறையோட இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. இரண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அறை சதுரிப்பா இருக்கு. பசை ஈரமா இருக்கும்போதே அளக்கணும், அப்போதான் இழுத்துச் சரிசெய்யலாம். கீழ்த்தளத்துல 2 மி.மீ. விட்டா கூரைக்குப் போறப்போ பலகை சேரவே சேராது. நான் முன்னாடி வேண்டாம்னு சொன்னேன், ஆனா நீங்க போற போக்கைப் பார்த்தா இந்த வீடு பரண் ஏறாது.

தாழ்வாரம்

இன்னைக்கு ஒட்டினேன்.

காடியை ஐஸ் குச்சி உப்புத்தாளால தேய்ச்சேன், நாக்கு சத்தமில்லாம உட்கார்ந்தது. இடது சுவர் நாலு நாள் புத்தகத்துக்கு அடியில இருந்தது. முக்கால்வாசி நேராச்சு, மிச்சத்தைத் தளம் இழுத்துக்கிச்சு. படிக்குக் கீழே வால்பேப்பர் முன்னாடியே ஒட்டியாச்சு, நீலத்துல சின்னப் பூ. விளக்குக்குப் பின்சுவர்ல ஏழு துளை. சின்னஜன்னல் சொன்ன கம்பி வழியையும், தாழ்வாரத்துக்கு மின்மினி சொன்ன ஒளிஞ்ச விளக்கையும் எடுத்துக்கிட்டேன்.

மூலைவிட்டம் நடு அறையில 4 மி.மீ. வித்தியாசம் வந்தது. கை நடுங்கிடுச்சு. நாலு மூலையிலும் ரப்பர் பேண்டு மாட்டி, நீளமான மூலைவிட்டம் இருந்த பக்கம் மெதுவா அழுத்தி, மறுபடி அளந்து, மறுபடி அழுத்தி, இப்போ அரை மி.மீ.க்குள்ள வந்திருக்கு. அவர்தான் எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

நாளைக்கு இதே நேரம் வரைக்கும் டேப்பைத் தொடப்போறதில்லை. பிரிச்சதும் படம் போடுறேன். தாழ்வாரத்துத் தூண்களுக்கு வெள்ளையா, மரச்சாயமான்னு அப்போ கேட்கிறேன்.